ஒரு கோலும் ஐம்பது ஆட்டங்களும்

2010 ஜூன் 9 ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு கோல் அடிக்கப்பட்டது. அரங்கில் ஏறத்தாழ 20,000 பேர் இருந்தனர். அது கோல்தான் என்று அந்த நொடியில் உறுதியாக நம்பியவர் அதை அடித்தவர் மட்டுமே எனலாம். சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணியின் 21 வயது வீரர் பேட்ரிக் கேன், மிகக் குறுகிய கோணத்திலிருந்து வட்டை அடித்துவிட்டு, கையுறைகளை வீசி எறிந்து, மறுமுனையில் நின்ற தம் அணியினரை நோக்கிப் பனித்தளத்தில் விரைந்தார். எதிரணியினர் வட்டைத் தேடினர். நடுவர்களும் தேடினர். அதுவோ கோல் காவலரின் கால்களுக்கிடையே நுழைந்து, வலையின் அடிப்பகுதியிலிருந்த மெத்தைப் பட்டையின் கீழ்ச் சிக்கிக் கிடந்தது. ஐஸ் ஹாக்கி உலகின் உச்சப் பரிசாகிய ஸ்டான்லி கோப்பை, 49 ஆண்டுகளுக்குப் பின் சிகாகோவுக்குக் கிடைத்தது.

பின்னர் அந்த வட்டே காணாமல் போயிற்று. அதைக் கொண்டுவந்து தருவோருக்கு 50,000 டாலர் பரிசு தருவதாகச் சிகாகோ உணவகம் ஒன்று அறிவித்தது. ஒரு கோலின் மீது ஒரு நகரம் வைத்த விலை அது.

அந்தக் கோலை விட்டவர் பெயர் மைக்கேல் லெய்டன். ஐஸ் ஹாக்கியை ஊன்றிக் கவனிப்போரிடையேகூட அவர் பெயர் பெரும்பாலும் இந்த ஒரு காட்சியோடு சேர்ந்தே நினைவுகூரப்படுகிறது. ஏறத்தாழ 17 ஆண்டுகள் நீண்ட ஒரு தொழில்வாழ்க்கையை ஒரு நொடியின் அளவுகோலால் அளப்பது எவ்வளவு பிழையான கணக்கு என்பதை எடுத்துக்காட்ட இவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது என்பது என் கருத்து. ஒரே ஒரு காசோலை திரும்பியதை வைத்து ஒரு வாடிக்கையாளரின் முப்பதாண்டு வரவு செலவை நல்ல மேலாளர் எவரும் மதிப்பிடமாட்டார். மனிதர்களை மதிப்பிடும்போது மட்டும் அந்த நிதானம் நம்மைவிட்டு அகன்றுவிடுகிறது.

நம் நாட்டில் இந்த ஆட்டம் லடாக்கின் உறைந்த குளங்களுக்கு வெளியே அதிகம் அறியப்படாதது. ஆகவே சிறிது விளக்கம் தேவைப்படுகிறது. 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தளம். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் உடைய கெட்டி ரப்பர் வட்டு. ஆறடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட கோல். சறுக்குக் காலணியுடன் பாய்ந்து வரும் வீரர் அடிக்கும் வட்டு மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டக்கூடும். அதன் எதிரே கனத்த கவசங்களுடன் நிற்பவரே கோல் காவலர். மற்ற வீரர்கள் ஒரு நிமிடத்துக்குள் களைத்து மாறி மாறி இறங்குவர். காவலர் ஒருவர் மட்டும் பெரும்பாலும் அறுபது நிமிடமும் களத்தில் நிற்பார்.

அந்நாளில் தேசிய ஹாக்கி லீக்கில் 30 அணிகள் இருந்தன. ஓர் அணிக்கு முதல் காவலர் ஒருவர், மாற்றுக் காவலர் ஒருவர். ஆக உலகத்தின் தலையாய அரங்கில் இந்தத் தொழிலுக்கு இருந்த இடங்கள் மொத்தம் 60. அந்த 60 பேருக்கும், அவர்களுக்கு அடுத்த நிலையில் நிற்கும் 60 பேருக்கும் இடையே உள்ள வேறுபாடு எவ்வளவு தெரியுமா? நூறு அடிகளில் ஒன்று அல்லது இரண்டு. நூற்றுக்கு 92 தடுப்பவர் நட்சத்திரம். நூற்றுக்கு 90 தடுப்பவர் இரண்டாம் நிலை லீக்குக்கு அனுப்பப்படும் பேருந்தில் இருப்பார். கையுறையின் ஓரத்தில் பட்டு வெளியே போகும் ஒரு வட்டுதான் ஒருவருடைய முகவரியையே தீர்மானிக்கிறது.

லெய்டன் 1981 இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலுள்ள பெட்ரோலியா என்ற சிற்றூரில் பிறந்தவர். 1999 இல் இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் வரிசையில் அவருக்குக் கிடைத்தது 165 ஆவது இடம். அவரைத் தெரிவு செய்த அணி, பதினோர் ஆண்டுகளுக்குப் பின் அவரையே வீழ்த்திக் கோப்பை வென்ற அதே சிகாகோ. 2003 ஜனவரியில் தமது முதல் ஆட்டத்தில் ஒரு கோலும் விடாமல் நின்றார். எதிரே பீனிக்ஸ் அணியின் காவலரும் ஒரு கோலும் விடவில்லை. அவருக்கும் தேசிய லீக்கில் கோல் விடாத முதல் ஆட்டம் அதுவே. ஆட்டம் 0-0 எனச் சமனில் முடிந்தது. முதல் நாளிலேயே ஒருவர் தம் கடமையைக் குறைவின்றிச் செய்தும் வெற்றி பெறவில்லை. பின்னாளில் நேரப்போவதற்கெல்லாம் அது ஒரு முன்னோட்டம் போலவே எனக்குத் தோன்றுகிறது.

இனி அந்தத் தொழிலின் ஒரு விசித்திர ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். ஒரு வீரரைக் கழகம் கீழ்நிலை லீக்குக்கு அனுப்ப விரும்பினால், அனுபவம் மிக்கவராயின் அவரை முதலில் மற்ற எல்லாக் கழகங்களுக்கும் முன் வைக்க வேண்டும். 'வெய்வர்' என்பது அதன் பெயர். ஒரு நாள் அவகாசத்துக்குள் எந்தக் கழகமும் அவரை அவருடைய ஒப்பந்தத்தோடு எடுத்துக்கொள்ளலாம். வீரரின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. காலையில் ஓர் ஊரில் இருந்தவர் மறுநாள் ஆயிரம் மைல் தாண்டி வேறு சீருடை அணிந்திருப்பார். வாடகை வீடு, குடும்பம், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் பின்னால் வர வேண்டியவை. 2006-07 பருவத்தில் மட்டும் லெய்டன் அனஹைம், நாஷ்வில், பிலடெல்பியா, மாண்ட்ரியல் என நான்கு கழகங்களின் பெயர்ப்பட்டியலில் இடம்பெற்றார். மாற்றல் உத்தரவு என்றால் என்ன என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஒரே ஆண்டில் மூன்று முறை, முன்னறிவிப்பின்றி வரும் மாற்றலை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய அலைச்சலுக்கிடையே ஒருவர் தொழிலை எப்படிக் காத்துக்கொள்கிறார் என்பதுதான் முக்கியமான வினா. அதற்கு விடையாக ஓர் இரவை முன்வைக்கிறேன்.

2008 ஏப்ரல் 24. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரம். தேசிய லீக்குக்கு அடுத்த நிலையிலுள்ள அமெரிக்க ஹாக்கி லீக்கின் வெளியேற்றச் சுற்று ஆட்டம். லெய்டன் அப்போது ஆல்பனி ரிவர் ராட்ஸ் அணியின் காவலர். அந்தப் பருவத்தில் அந்த லீக்கின் சிறந்த காவலருக்கான விருதைப் பெற்றவரும் அவரே. ஆட்டம் 60 நிமிடத்தில் 2-2 எனச் சமநிலை. கூடுதல் நேரம் தொடங்கியது. அங்கே வெளியேற்றச் சுற்றில் ஓர் அணி கோல் அடிக்கும் வரை ஆட்டம் ஓயாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என இருபது நிமிடக் கூடுதல் பகுதிகள் முடிந்தன. ஐந்தாவது பகுதியில், மொத்தம் 142 நிமிடம் 58 நொடி ஆடிய பின், பிலடெல்பியா பான்டம்ஸ் அணி மூன்றாவது கோலை அடித்தது. அதுவரை லெய்டன் தடுத்தவை 98.

வழக்கமான ஓர் ஆட்டத்தில் ஒரு காவலர் 25 அல்லது 30 அடிகளைத் தடுப்பார். மூன்று ஆட்டங்களுக்கு மேற்பட்ட உழைப்பு ஒரே இரவில் நிகழ்ந்தது. 101 அடிகளில் 98 ஐத் தடுத்தவர் தோற்றவராக அரங்கைவிட்டு வெளியேறினார். அந்த லீக்கில் அதைவிட நீண்ட ஆட்டம் 2018 இல்தான் நடந்தது. அதில் வென்ற அணியின் காவலர் அலெக்ஸ் லயன் தடுத்தவை 94. காணாமல் போன ஒரு வட்டுக்குப் பரிசு அறிவித்த உலகம், இந்த 98 வட்டுகளைப் பற்றி எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்போது 2010 க்குத் திரும்புவோம். அந்தக் கோலைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய ஆறு மாதங்களைப் பார்க்க வேண்டும். 2009 டிசம்பரில் கரோலினா கழகம் லெய்டனை வெய்வரில் வைத்தது. அங்கே அந்தப் பருவத்தில் அவர் தடுத்தவை நூற்றுக்கு ஏறத்தாழ 85 மட்டுமே. அவரை வேண்டாம் என்றதில் வியப்பில்லை. பிலடெல்பியாவின் முதல் காவலர் காயமுற்றிருந்ததால் அக்கழகம் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே அதே மனிதர், அதே பருவத்தில், நூற்றுக்கு ஏறத்தாழ 92 தடுத்தார். ஆடிய ஆட்டங்களுள் 16 இல் வென்றார். புத்தாண்டு நாளில் பாஸ்டனின் பழம்பெரும் பேஸ்பால் அரங்கில் திறந்தவெளியில் நடந்த சிறப்பாட்டத்திலும் அவரே நின்றார். மூன்று வாரங்களில் ஒருவருடைய திறமை மாறிவிடுமா? மாறாது. அவருக்கு முன்னே நின்ற தற்காப்பு வீரர்கள் மாறினர். அவர்மீது வைக்கப்பட்ட நம்பிக்கை மாறியது. சிறிதளவு நற்பேறும் சேர்ந்தது. தனிமனிதச் சாதனை என்று நாம் எழுதி வைக்கும் பல எண்களில் இந்த மூன்றும் மறைந்து நிற்கின்றன.

மார்ச் மாதத்தில் கணுக்காலில் காயம். ஆட்டமின்றி ஏழெட்டு வாரங்கள். மே மாதத்தில் பாஸ்டனுக்கு எதிரான தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், குணமடைந்து முதன்முறையாக மாற்றுக் காவலராக இருக்கையில் அமர்ந்திருந்தார். இரண்டாம் பகுதியில் முதல் காவலர் பிரையன் பூஷேயின் முழங்கால் அடிபட்டது. லெய்டன் உள்ளே இறங்கினார். அன்று பிலடெல்பியா 4-0 என வென்றது. தொடரில் அவ்வணி அதற்கு முன் 0-3 எனப் பின்தங்கியிருந்தது. ஏழாவது ஆட்டத்திலும் தொடக்கத்திலேயே மூன்று கோல் பின்தங்கி, பின் 4-3 என வென்றது. முதல் மூன்று ஆட்டங்களை இழந்தபின் தொடரையே வென்ற அணிகள் தேசிய லீக் வரலாற்றில் அதற்கு முன் இரண்டே: 1942 இல் டொராண்டோ, 1975 இல் நியூயார்க் ஐலண்டர்ஸ். அடுத்த சுற்றில் மாண்ட்ரியலுக்கு எதிராக ஐந்து ஆட்டங்களில் மூன்றில் லெய்டன் ஒரு கோலும் விடவில்லை. அவர் இல்லையெனில் பிலடெல்பியா இறுதிப் போட்டிக்கே வந்திருக்காது என்று சொல்வது மிகையன்று.

இறுதிப் போட்டியில் அவர் நன்றாக ஆடினார் என்று நான் வாதாடமாட்டேன். இரு ஆட்டங்களில் நடுவிலேயே மாற்றப்பட்டார். கேன் அடித்த அந்த வட்டும் தடுத்திருக்க வேண்டியதே. இத்தகையோரைப் பற்றி எழுதும்போது அவர்களை வஞ்சிக்கப்பட்ட வீரர்களாகச் சித்திரிக்கும் வழக்கம் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. தவறு அவருடையதுதான். அந்தத் தவற்றிலிருந்து மற்றவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பதில்தான் என் கருத்து வேறுபாடு.

பிலடெல்பியா என்ன செய்தது? முதலில் லெய்டனுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 31 லட்சம் டாலர் ஒப்பந்தம் தந்தது. முதுகில் அறுவை சிகிச்சை, நீண்ட ஓய்வு, பின் இரண்டாம் நிலை லீக் என அவருடைய அடுத்த பருவம் கழிந்தது. 2011 வெளியேற்றச் சுற்றில் அணி மூன்று காவலர்களை மாற்றி மாற்றி இறக்கித் தடுமாறியது. 'நமக்குக் குறை கோல் காவலர்தான். விலை உயர்ந்த ஒருவரை வாங்கினால் எல்லாம் சரியாகும்' என்ற முடிவு பிறந்தது. 2011 ஜூனில் இல்யா பிரிஸ்கலோவ் என்ற ரஷ்யக் காவலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு 510 லட்சம் டாலர் எழுதிக் கொடுக்கப்பட்டது. அணியில் ஏற்கெனவே இருந்த இளம் காவலர் செர்கெய் பாப்ரோவ்ஸ்கி அடுத்த ஆண்டு கொலம்பஸுக்குக் கொடுக்கப்பட்டார்.

பின்விளைவை வங்கி வாடிக்கையாளர்கள் சற்று நின்று கவனிக்கலாம். இரண்டே பருவங்களில் பிரிஸ்கலோவின் ஒப்பந்தத்தைக் கழகமே விலை கொடுத்து முடித்துக்கொண்டது. தீர்வுத் தொகை 230 லட்சம் டாலர். அது 14 ஆண்டுத் தவணைகளாக 2027 வரை பிரிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 16.4 லட்சம் டாலர். லெய்டன் ஆடுவதற்குப் பெற்ற ஆண்டு ஊதியம் 15.5 லட்சம். அதாவது ஒருவர் ஆடுவதற்குத் தந்ததைவிட மற்றொருவர் ஆடாமலிருப்பதற்குக் கூடுதலாகத் தர நேர்ந்தது. பாப்ரோவ்ஸ்கியோ 2013 இலும் 2017 இலும் தேசிய லீக்கின் சிறந்த காவலர் விருதைப் பெற்று, பின்னர் புளோரிடா அணிக்காக ஸ்டான்லி கோப்பையும் வென்றார். ஒரு கோலைத் தவறாக வாசித்ததற்கு எத்தனை லட்சம் வட்டி!

ஒரே ஒரு நிகழ்வின் அதிர்ச்சியில் எடுக்கப்படும் முடிவு எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதைச் சேமிப்பாளர்கள் அறிவர். சந்தை ஒரு நாள் சரிந்ததும் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு, அடுத்த நாள் பளபளப்பான ஏதோ ஒன்றை அதிக விலைக்கு வாங்குவோர் எல்லா ஊரிலும் உண்டு. இதை நீட்ட விரும்பவில்லை.

மாற்று ஆள் என்ற பதவியைப் பற்றியே சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஒரு பருவத்தின் 82 ஆட்டங்களில் முதல் காவலர் அறுபது ஆடினால், மாற்றுக் காவலர் இருபது ஆடுவார். மற்ற நாள்களிலும் அவர் அதே காலைப் பயிற்சிக்கு வருகிறார். அதே கவசங்களைப் பூட்டிக்கொள்கிறார். ஆடாமல் வீடு திரும்புகிறார். எந்த நொடியிலும் உடல் சூடேறாத நிலையில் உள்ளே இறங்கி மணிக்கு 150 கிலோமீட்டர் வட்டை எதிர்கொள்ள ஆயத்தமாக இருக்க வேண்டும். வங்கிகள் தம் வைப்புத்தொகையில் ஒரு பகுதியை ரொக்க இருப்பாக ரிசர்வ் வங்கியிடம் வைக்கின்றன. அதற்கு வட்டி கிடைப்பதில்லை. அதனால் அது வீண்பணம் என்று எவரும் சொல்வதில்லை. மற்றப் பணம் முழுவதும் நம்பிக்கையோடு நடமாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அலுவலகத்திலும் குடும்பத்திலும் இந்த இடத்தில் இருப்பவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? பொறுப்பு அலுவலர், விடுப்புக் காலப் பணியாளர், மூத்தவர் ஊரிலில்லாதபோது கடையைப் பார்த்துக்கொள்ளும் இளையவர் ஆகியோரின் ஆயத்தம் நம் கண்ணில் படுவதில்லை. அவர்கள் இறங்கிய நாளில் ஒரு பிழை நேர்ந்தால் அது மட்டும் ஆண்டுக்கணக்கில் பேசப்படுகிறது. அவர்கள் முதல் இடத்துக்கு வராமல் தோற்றவர்கள் என்று எண்ணுவதுதான் அடிப்படைத் தவறு. காத்திருப்பதும் ஒரு தனித் தொழில். அதற்கென்று தனித் தேர்ச்சி உண்டு. எல்லா நட்சத்திரங்களுக்கும் அது வாய்ப்பதில்லை.

லெய்டன் அந்தத் தொழிலை மேலும் பல ஆண்டுகள் செய்தார். 2013 ஏப்ரலில் பிலடெல்பியா, ஸ்டீவ் மேசன் என்ற காவலரைப் பெறுவதற்காக இவரைக் கொலம்பஸுக்குக் கொடுத்தது. 2013-14 இல் உக்ரைனின் டொனெட்ஸ்க் நகரத்து டொன்பாஸ் கழகத்துக்காக ரஷ்யாவை மையமாகக் கொண்ட கான்டினென்டல் ஹாக்கி லீக்கில் ஆடினார். அந்த ஆண்டு அங்கே போர் மூண்டது. அரசியல் கொந்தளிப்பால் கழகம் தன் வெளியேற்றச் சுற்று ஆட்டங்களைச் சொந்த ஊரில் நடத்த இயலாமல் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் நடத்திற்று. மே மாதத்தில் டொனெட்ஸ்க் அரங்கம் சூறையாடப்பட்டுத் தீக்கிரையானது. அடுத்த பருவத்தில் கழகம் அந்த லீக்கிலேயே இல்லை. லெய்டன் அமெரிக்காவுக்குத் திரும்பி, சிகாகோவின் துணை அணியான ராக்போர்டில் சேர்ந்தார். தம்மைத் தெரிவு செய்த, தம்மை வீழ்த்திய அதே கழகத்தின் ஊதியப்பட்டியலில் மீண்டும் அவர் பெயர் ஏறியது. 2016-17 இல், 35 வயதில், கரோலினா அவரை மீண்டும் தேசிய லீக்குக்கு அழைத்துச் சில ஆட்டங்களில் நிறுத்தியது. ஏழாண்டுக்கு முன் வேண்டாம் என்று விட்ட கழகம் அது. தேசிய லீக்கில் மொத்தம் அவர் ஆடியவை நூறைச் சற்றே தாண்டும்.

அமெரிக்க ஹாக்கி லீக்கில் அவர் ஒரு கோலும் விடாத ஆட்டங்கள் 50. அந்த லீக்கின் வரலாற்றில் அதற்கு முன் அதிகபட்சம் 45. அரை நூற்றாண்டுக்கும் மேல் அந்தச் சாதனையை வைத்திருந்தவர் ஜானி பவர். அவருடைய கதையையும் ஒரு வரியில் சொல்லலாம். தேசிய லீக்கில் ஆறே அணிகள் இருந்த காலத்தில் அவரும் ஆண்டுக்கணக்கில் இரண்டாம் நிலை லீக்கிலேயே நின்றார். 1958 இல், 33 வயதில், டொராண்டோ அவரை அழைத்தது. அதன்பின் நான்கு ஸ்டான்லி கோப்பைகள், 1976 இல் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் இடம். இருவரையும் ஒப்பிட்டு இவருக்கும் அப்படி நேர்ந்திருக்கலாம் என்று சொல்ல எவராலும் இயலாது. பவர் டொராண்டோவுக்குப் போன நாள் வரை அவர் யார் என்பதும் பெரும்பாலோருக்குத் தெரியாமலே இருந்தது என்பதை மட்டும் குறிப்பிடலாம்.

கேன் அடித்த வட்டு எங்கே என்ற ஆராய்ச்சி சிகாகோவில் நெடுநாள் நடந்தது. அன்றிரவின் ஒளிப்பதிவுகளை நொடி நொடியாகப் பார்த்தார்கள். ராக்போர்டு அந்நகரத்திலிருந்து ஏறத்தாழ 90 மைல். லெய்டன் அங்கே மேலும் சில கோல் விடாத ஆட்டங்களை ஆடிக்கொண்டிருந்தார்.